மொய் நோட்டும் நெட்வொர்க்கும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பற்றி ஆய்வு செய்கிறேன். 'நெட்வொர்க்' என்ற கோணத்தில் எழுதச் சொல்கிறார் என் வழிகாட்டி. சாதி, சொந்தபந்தம் என்று நாம் சொல்லிவந்ததற்கே புதுப்பெயர் வைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

க., பெருந்துறை

அன்புள்ள க.,

பாதி சரி. தலைப்பில் நெட்வொர்க் என்று போட்டுவிட்டு உள்ளே சாதிக்கணக்கு மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அது அந்தச் சொல்லின் குற்றமல்ல.

1954இல் ஜே.ஏ.பார்ன்ஸ் என்ற மானிடவியலாளர் நார்வேயின் பிரெம்னெஸ் என்ற தீவூரைப் பற்றி எழுதினார். ஊருக்கு எல்லை இருந்தது. மீன்பிடிப் படகில் இன்னார்தான் ஆள் என்ற கணக்கு இருந்தது. சொந்தம், சிநேகம், பழக்கம் என்று ஆளுக்கு ஆள் நீளும் கோடுகளுக்கு மட்டும் எல்லையே இல்லை. அதைத்தான் அவர் வலை, அதாவது நெட்வொர்க் என்றார்.

நம் பக்கம் கூட்டம் என்கிற குலப்பிரிவுக்கும் குலதெய்வக் கோயில் வரிக்கும் வேலி உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடலாம். ஆனால் உங்கள் மாமன் வீட்டு மொய் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பங்காளிக்கு அடுத்த வரியில் நூல் கடைக்காரர், அப்புறம் சாயப்பட்டறை சூப்பர்வைசர், மாட்டு வியாபாரி. யார் எவ்வளவு, திருப்பிச் செய்தாயிற்றா என்பதுவரை இருக்கும். இவ்வளவு சுத்தமான தரவு எனக்கு ஆயுசில் கிடைத்ததில்லை!

வலையே வேலியாகவும் ஆகும். திருப்பூர் பின்னலாடைத் தொழிலைப் பற்றி பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004இல் வெளியிட்ட கட்டுரையை அவசியம் படியுங்கள். உள்ளூர்க் கவுண்டர் முதலாளிகள் அதிக முதலோடு இறங்கினார்கள். வெளியாட்கள் குறைந்த முதலோடு வந்தும் அவர்களைவிட வேகமாக வளர்ந்தார்கள். பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்த வீட்டுக்கே போயிருக்கிறது. சாதி என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருந்தால் இந்த முரண் கண்ணில் பட்டிருக்காது.

கேள்வித்தாளில் 'உங்களுக்கு யாரையெல்லாம் தெரியும்?' என்று கேட்காதீர்கள். நம் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். 'போன தீபாவளிக்குப் போனஸ் போடப் பணம் பத்தாதப்ப யாருக்கு போன் பண்ணுனீங்க?' என்று கேளுங்கள். ஐந்து பெயருக்கு மட்டும் கட்டம் போடுவதும் வேண்டாம். ஐந்தும் பங்காளி, மச்சானிலேயே தீர்ந்துவிடும்; நீங்கள் தேடும் ஆள் ஆறாவதாகத்தான் வருவார். போனை எடுக்காதவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.