படம் போதாதா?

வணக்கம் ஐயா,
உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஆழ்கடல் வெந்நீர் ஊற்றில் எடுத்த வீடியோவில் செதில்புழு ஒன்று தெளிவாகத் தெரிகிறது, புதிய இனமாம். பெயர் வர ஏன் வருடக்கணக்காகிறது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். டிஎன்ஏ பார்த்தால் ஒரு கிழமையில் முடியாதா?
தர்சினி, கொக்குவில்

அன்புள்ள தர்சினி,

படம் போதாது. இனத்தைப் பிரிப்பவை செதில் எத்தனை சோடி, உடலோரத்து மயிர் போன்ற சிலிர்முள்ளின் நுனி எப்படி, தாடை எப்படி என்பவை. வீடியோவில் தெரிவது மினுக்கம்தான்.

காரியம் கெடுவது கப்பலில், முதல் ஒரு மணித்தியாலத்தில். மேலே வந்த புழுவை உடனே 2–4 பாகை குளிர்ந்த கடல்நீரில் விடவேண்டும், போத்தலுக்கு ஒன்றாக. பதறினால் செதிலை உதிர்த்துவிடும்; நாலைந்தை ஒன்றாகப் போட்டால் எந்தச் செதில் எதனுடையது என்று பிறகு யார் சொல்வது? அடுத்தது மயக்கம். ஒரு லீற்றர் வடிநீரில் 75 கிராம் நீரேறிய மக்னீசியம் குளோரைட்டு கரைத்து, அதேயளவு கடல்நீர் கலக்கவேண்டும். இதைத் தவிர்த்தால் புழு சுருண்டு, தொண்டையை உள்ளிழுத்துக்கொள்ளும். தாடையைப் பார்க்க அறுக்கத்தான் வேண்டும். நிறத்தை அப்போதே படமெடுக்கவேண்டும், எதனோலில் வெளிறிவிடும்.

பிறகு டிஎன்ஏக்காக ஒரு பக்கத்துப் பக்கப்பாதங்கள் (உடலோரத்துக் கால் போன்றவை) சிலவற்றை மட்டும் வெட்டி 95% எதனோலில், மறுபக்கத்தைத் தொடக்கூடாது. உடல்நீர் எதனோலை ஐதாக்கும், மறுநாள் மாற்றவேண்டும். மிச்ச உடல் ஒரு பங்கு கடைப் போமலினுக்கு ஒன்பது பங்கு கடல்நீரில் ஓரிரு நாள், கழுவியபின் 70% எதனோல். முழுப்புழுவையும் போமலினில் போட்டால் டிஎன்ஏ பாழ். கடும் எதனோலில் போட்டால் விறைத்து முறியும்.

டிஎன்ஏயில் வழக்கமாக வாசிக்கும் 658 எழுத்துகளை ஒரு கிழமையில் வாசிக்கலாம்தான். எதோடு ஒப்பிடுவது? பழைய மூலமாதிரிகள், அதாவது இனத்துக்குப் பெயரிட்டபோது ஆதாரமாக வைத்த உடல்கள், பல போமலினில் ஊறியவை. எத்தனை எழுத்து மாறினால் வேறு இனம் என்ற கணக்கும் இல்லை. உருவமும் ஏமாற்றும். வடகிழக்குப் பசிபிக்கின் றிட்ஜியாக் குழாய்ப்புழுக்கள் 1985இல் இரண்டு இனங்களாகப் பெயர் பெற்று, 1995இல் ஒன்றாயின. குட்டை, நெட்டை எல்லாம் ஊற்றுநீர் வரத்தைப் பொறுத்தது.

கலாபகோஸில் 1977இல் கண்ட இராட்சதக் குழாய்ப்புழுவுக்கு றிஃப்டியா என்ற பெயர் 1981இல்தான் வந்தது. பிறகு தனிக் கணமாக்கினார்கள். இன்று அது மண்புழுவும் சேர்ந்த வளையப்புழுக் கணமான அனெலிடாவுக்குள் ஒரு குடும்பத்தில் அடக்கம். பழைய கைநூல் வைத்திருந்தால் திருத்திவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்ட நம் கடனீரேரிச் சேற்றுப் புழுவே போதும். மயக்கிவிட்டு 70% எதனோல். போமலின் வகுப்பறைக்கு வேண்டாம். லேபலைப் பென்சிலால் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போடுங்கள், பேனை மை எதனோலில் கரைந்துவிடும்.