மறுஆய்வுக்குப் போகும் முன்பே ‘பாதியாக வெட்டு’ என்றால்

வணக்கம் சகோதரி. சமூகப் பணியாளரான நீங்கள் பராமரிப்பு மறுஆய்வுக்குப் போகவிருக்கும் 78 வயது அம்மா ஒருவரின் வாராந்திரப் பராமரிப்பை 14 மணி நேரத்திலிருந்து 7 ஆக்கிவிட்டு வரும்படி, அவர் வீட்டுக்குப் போகும் முன்பே உங்கள் மேலாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நானும் இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) முதியோர் பிரிவில் இருந்தவன். பழகிய பேச்சுதான் இது.

2014 பராமரிப்புச் சட்டப்படி, தகுதியுள்ள தேவையைக் கவுன்சில் நிறைவேற்றியே ஆக வேண்டும். ஒரே பலன் தரும் இரண்டு வழிகளில் மலிவானதை அவர்கள் எடுக்கலாம், அவ்வளவுதான். 2023இல் பர்மிங்காம் கவுன்சில், வரவுக்குள் செலவை அடக்க முடியவில்லை என்று சொல்லும் 114ஆம் பிரிவு அறிவிப்பை விட்டபோதுகூட சட்டக் கடமைகள் நிற்கவில்லை.

உங்கள் ஆயுதம் மதிப்பீட்டுப் படிவம். ‘சிரமப்பட்டு உடை மாற்றுகிறார்’ என்று எழுதாதீர்கள். ‘கார்டிகன் பொத்தான் போட 20 நிமிடம் ஆகிறது, நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க உட்கார்கிறார்’ என்று எழுதுங்கள். தனியாகச் செய்ய முடிந்தாலும் வழக்கத்தைவிட மிக அதிக நேரம் பிடித்தால், அல்லது கடும் வலி இருந்தால், விதிகள் அதை ‘முடியாது’ என்றே கணக்கில் எடுக்கின்றன. பலருக்கு இது தெரியாது.

அப்புறம், வாய்மொழி உத்தரவை அப்படியே விடாதீர்கள். ‘இன்று பேசியது இதுதானே’ என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பாதிப் பேர் அதிலேயே பின்வாங்குவார்கள். செலவுக்கு ஒப்புதல் தரும் குழுவான பேனல் மணி நேரத்தைக் குறைத்தாலும் உங்கள் பரிந்துரையும் அவர்கள் முடிவும் கோப்பில் தனித்தனியே இருக்கட்டும். குடும்பத்திடம் புகார் வழியைச் சொல்லுங்கள்: முதலில் கவுன்சில், பிறகு ஆம்பட்ஸ்மன், அதாவது கவுன்சில் மீதான புகார்களை விசாரிக்கும் சுதந்திர அமைப்பு. கட்டணம் கிடையாது.

மறுஆய்வு எந்தத் தேதியில்?