எஃப்.சி.சி. அனுமதி பெற்ற பவர்லைன் அடாப்டர் என்றால் அடுத்த வீட்டார் புகாரைப் புறக்கணிக்கலாமா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் ஒரு புறநகர் வீட்டில் வசிக்கிறோம். மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை என்பதால், வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் ஜோடி ஒன்றை வீடு தேடி வந்த முகவரிடம் வாங்கினோம். பெட்டியில் 2000 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருக்கிறது, அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை. இதற்கிடையில், பொழுதுபோக்காக வானொலி வழியே பிறரோடு பேசும், உரிமம் பெற்ற ஹாம் வானொலியாளரான அடுத்த வீட்டுக்காரர், எங்கள் அடாப்டரால் தம் வானொலியில் இரைச்சல் வருகிறது என்கிறார். முகவரைக் கேட்டால், "அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் அனுமதி பெற்ற சாதனம் இது, நீங்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்கிறார். சட்டப்படி எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: முகவர் சொன்னது தவறு. அதை நீங்களே உறுதிசெய்துகொள்ளலாம். அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் உடன் வந்த கையேட்டின் கடைசிப் பக்கங்களில் தேடுங்கள். இந்தச் சாதனம் எஃப்.சி.சி. விதிகளின் 15ஆம் பகுதிக்கு இணங்கியது என்ற வாசகத்தை அடுத்து, இரண்டு நிபந்தனைகள் பொடி எழுத்தில் இருக்கும். முதலாவது, இச்சாதனம் தீங்கான இடையூறு எதையும் விளைவிக்கக் கூடாது. இரண்டாவது, பிற சாதனங்களால் தனக்கு நேரும் இடையூறு எதுவானாலும், அதனால் தன் இயக்கமே கெட்டாலும், இச்சாதனம் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். முகவர்கள் "அனுமதி" என்று உரக்கச் சொல்வது இந்த வாசகத்தைத்தான். அதற்கு அடுத்த இரண்டு வரிகளை அவர்கள் ஒருபோதும் படித்துக் காட்டுவதில்லை.

ஆகவே, உங்கள் சாதனத்துக்கு இருப்பது நிபந்தனைக்கு உட்பட்ட இசைவு மட்டுமே, உரிமை அன்று. உங்கள் அடுத்த வீட்டுக்காரர் தேர்வு எழுதி உரிமம் பெற்றவர்; அவருடைய வானொலிச் சேவைக்கு விதிகளில் பாதுகாப்பு உண்டு, உங்கள் அடாப்டருக்கு அது கிடையாது. அதைவிட முக்கியமாக, விதியின் பார்வையில் சாதனத்தை இயக்குபவர் நீங்கள்தான். அதைத் தயாரித்தவரோ விற்றவரோ அல்லர். அடுத்த வீட்டுக்காரரின் வானொலிக்குத் தீங்கான இடையூறு நேர்கிறது என்று ஆணையத்தின் பிரதிநிதி உங்களுக்குத் தெரிவித்தால், அதைச் சரிசெய்யும்வரை நீங்கள் அடாப்டரை நிறுத்திவிட வேண்டும். அண்டை வீட்டார் வாய்மொழியாகச் சொன்னதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. ஆனால் ஆணையத்தின் கடிதம் வந்த பிறகும் இயக்கினால் அது மீறல்தான். முகவர் உங்களுக்காக வந்து நிற்க மாட்டார்.

சாதாரண வீட்டு மின்கம்பிக்கு டிவி கேபிளைப் போல உலோகக் கவசம் கிடையாது. 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சமிக்ஞையை அதில் ஏற்றினால், கம்பியே ஆண்டெனா போலச் செயல்பட்டு அதில் ஒரு பகுதியைக் காற்றில் கசியவிடும். அந்தப் பரப்பு சிற்றலை வானொலிக்கு உரியது என்பதால், கசிவின் பாதிப்பு நேரே வானொலிக்காரர்கள்மீது விழுகிறது. வீட்டுக்குள் இருக்கும் அடாப்டரில் இது சிறிய அளவில் நடக்கிறது. தெரு மின்கம்பங்கள் வழியாகவே ஊருக்கு இணையம் தர முயன்றபோது பெரிய அளவில் நடந்தது. மைக்கேல் பவல் தலைமையிலிருந்த எஃப்.சி.சி., 2004 அக்டோபரில் அதற்கு விதிகளை வகுத்தது. விமானச் சேவைகளின் அலைவரிசைகளைத் தவிர்க்க வேண்டும், புகார் வந்தால் குறிப்பிட்ட அலைவரிசைகளில் சமிக்ஞையைத் தாழ்த்தும் வசதி வேண்டும், சேவை தொடங்குவதற்கு 30 நாள் முன்பே பொதுத் தரவுத்தளத்தில் விவரம் பதிய வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. காகிதத்தில் குறை சொல்ல முடியாத விதிகள். நடைமுறையிலோ, இரைச்சலைக் கண்டுபிடித்து, அளந்து, நிரூபித்து, முறையிடும் பாரம் முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே விழுந்தது; பல ஆண்டுகள் ஆகியும் இந்த ஏற்பாடு மாறவில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கசிவு தூரத்தோடு எவ்வளவு வேகமாகக் குறையும் என்ற கணக்கிலும் தகராறு இருந்தது. தூரம் பத்து மடங்கானால் அலையின் வலிமை நூறில் ஒரு பங்காகும் என்று ஆணையம் எடுத்துக்கொண்டது. பத்தில் ஒரு பங்காகத்தான் குறையும் என்றனர் ஹாம் வானொலியாளர்கள். கம்பிக்கு அருகில் அளந்து, 30 மீட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடும்போது இந்த வேறுபாடு முடிவையே மாற்றிவிடும். அமெரிக்க ஹாம் வானொலியாளர் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல். வழக்குத் தொடுத்தது. ஆணையம் தன் ஊழியர்களே நடத்திய ஆய்வுகளின் சில பகுதிகளை மறைத்து வெளியிட்டது முறையன்று என்றும், அந்தக் கணக்குக்குப் போதிய விளக்கம் தரப்படவில்லை என்றும் 2008இல் வாஷிங்டன் டி.சி. கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணையம் 2011இல்தான் திருத்திய விதிகளை வெளியிட்டது. கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, சமிக்ஞையைத் தாழ்த்த வேண்டிய அளவை மட்டும் 20 டெசிபலிலிருந்து 25ஆக உயர்த்தியது. நாட்டுக்கே முன்மாதிரி என்று கொண்டாடப்பட்ட வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் நகரின் மின்கம்பி இணையச் சேவை அதற்கு முன்பே, 2010இல் மூடப்பட்டுவிட்டது. விதி முழுமை பெறுவதற்குள் அது கட்டுப்படுத்த வேண்டிய தொழிலே ஒடுங்கிப்போனது.

இனி, உங்கள் விஷயத்தில் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய ஒரு விதிவிலக்கைச் சொல்கிறேன், ஏனெனில் இதில்தான் இரு தரப்பும் வீணாகப் பகைத்துக்கொள்கின்றன. பவர்லைன் அடாப்டர்களுக்கான ஹோம்பிளக் என்ற தொழில்தரத்தின்படி செய்தவை, ஹாம் வானொலிக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் மட்டும் தம் சமிக்ஞையைத் தாமாகவே வெகுவாகத் தாழ்த்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. அப்படியானால், உங்கள் அடுத்த வீட்டுக்காரர் கேட்கும் இரைச்சல் உங்கள் அடாப்டரிலிருந்து வராமலும் இருக்கலாம். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. அவருடைய வானொலியை 14.350 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு மெல்லக் கீழே இறக்கி, 14.000 முதல் 14.350 வரையுள்ள ஹாம் பட்டைக்குள் வரச் சொல்லுங்கள். பட்டைக்கு வெளியே இரைந்துகொண்டிருந்தது உள்ளே நுழைந்ததும் சட்டென்று தணிந்தால், அது பவர்லைன் அடாப்டரின் இரைச்சல்தான். ஆனால் அது தனக்குரிய வரம்பை மதிக்கிறது. 7.000 முதல் 7.300 வரையுள்ள பட்டையிலும் இதையே செய்து பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே சீராக இரைந்தால், பெரும்பாலும் குற்றவாளி வேறு: மலிவான எல்.இ.டி. விளக்கு, செல்பேசி சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், அல்லது தெருக் கம்பத்தில் தளர்ந்துபோய்ப் பொறி பறக்கும் இணைப்பு. கடைசியாகச் சொன்னதற்கு மின் நிறுவனம்தான் பொறுப்பு. தரக் குறியே இல்லாத மலிவு அடாப்டராக இருந்தால் இந்த வடிவமைப்பை நம்ப முடியாது. அப்போது பட்டைக்குள்ளேயும் இரைச்சல் கேட்கும், அவர் புகாரும் நியாயமாகிவிடும். எனவே, அடாப்டர்கள் இரண்டையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு அவரை மீண்டும் கேட்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் பிடுங்கினால் போதாது. இரைச்சல் மாறாவிட்டால், உங்கள் வீட்டு மெயின் பிரேக்கரையும் சில நிமிடம் அணைத்துப் பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் காரணம் உங்கள் வீட்டில் இல்லை.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000 என்பது ஆய்வகச் சூழலில், கம்பியின்மீது இரு திசைகளிலும் செல்லும் எல்லாத் துடிப்புகளையும் கூட்டிய எண். அத்தகைய அடாப்டர்கள் பலவற்றில் உள்ள ஈதர்நெட் துளை 1000க்கு மேல் கடத்தாது; 600 என்று அச்சிட்ட சிலவற்றில் 100க்கு மேல் கடத்தாது. சர்ஜ் புரொடெக்டர் பலகையில் செருகியிருந்தால் உடனே சுவர் சாக்கெட்டுக்கு மாற்றுங்கள். அமெரிக்க வீடுகளுக்கு மின்சாரம் இரண்டு 120 வோல்ட் கிளைகளாக வருவதால், இரு அடாப்டர்களும் வெவ்வேறு கிளைகளில் அமைந்துவிட்டால் வேகம் பெரிதும் குறையும். வேறு சாக்கெட்டுகளில் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டையும் இணைக்கும் பொத்தானை அழுத்திப் புதிய கடவுச்சொல்லை ஏற்படுத்திவிடுவதும் நல்லது, ஏனெனில் ஒரே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் பக்கத்து வீடுகளுக்கும் சமிக்ஞை போய்ச் சேரக்கூடும்.

வீடு தேடி வரும் விற்பனையாளர்களைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. "சாக்கெட்டில் செருகினால் போதும், மாதக் கட்டணமே இல்லாமல் இணையம் வரும்" என்பவர் ஏமாற்றுகிறார். ரவுட்டரிலிருந்து இணையத்தைக் கொண்டுபோவதே அடாப்டரின் வேலை, அது தானாக எதையும் உருவாக்காது. "உங்கள் பெயரில் எஃப்.சி.சி.யில் பதிவுசெய்து தருகிறேன், கட்டணம் இவ்வளவு" என்பவரும் ஏமாற்றுகிறார். வீட்டுக்குள் இத்தகைய சாதனத்தைப் பயன்படுத்த உரிமமும் வேண்டியதில்லை, பதிவும் வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. உங்கள் அடுத்த வீட்டுக்காரரின் புகாரைக் கேட்ட அதே முகவர், நாளைக்கே "இரைச்சல் தடுப்பான்" என்ற ஒரு செருகுபெட்டியோடு வரலாம், அதை வாங்காதீர்கள். மின்கம்பியிலிருந்து உயர் அலைவரிசைகளை வடிகட்டும் எதுவும், அடாப்டர் அனுப்பும் சமிக்ஞையையும் சேர்த்தே வடிகட்டிவிடும். இவர்களைத் தடுக்க ஓர் எளிய விதியாவது இயற்றியிருக்கலாம். பெட்டியின் முகப்பில் அந்த இரண்டு நிபந்தனைகளையும் பெரிய எழுத்தில் போடச் சொன்னாலே பாதி மோசடி நின்றுவிடும். ஏன் செய்யவில்லை என்பதற்கு எனக்கு ஏற்கத்தக்க விடை கிடைத்ததில்லை.

ஆக, நீங்கள் இப்போது செய்ய வேண்டியவை இவை. இந்த வாரமே அடுத்த வீட்டுக்காரரோடு சேர்ந்து மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். தேதி, நேரம், எந்த அலைவரிசையில் என்ன கேட்டது என்று இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். பின்னாளில் ஆணையத்தின் கடிதம் வந்தால், நீங்கள் அக்கறையோடு நடந்துகொண்டதை அந்தத் தாள் காட்டும். அடாப்டர்தான் காரணம் என்று தெரிந்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாடி அறையில் பழைய டிவி கேபிள் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தக் கேபிளிலேயே இணையத்தைக் கடத்தும் மோக்கா அடாப்டர் ஜோடி கிடைக்கிறது. கவசமுள்ள கேபிள் என்பதால் கசிவு மிகக் குறைவு, வேகமும் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். கேபிள் வழியாக வரும் இணையச் சேவை உங்களுடையது என்றால், வீட்டுக்குள் கேபிள் நுழையும் இடத்தில் மோக்காவுக்கான வடிகட்டி ஒன்றை மாட்டச் சொல்லுங்கள்; இது முன்சொன்ன போலித் தடுப்பான் போன்றதன்று, சமிக்ஞை வெளியே போகாமல் தடுக்கும் சிறிய உலோகத் துண்டு. கேபிள் துளையே இல்லையென்றால், சுவரோரமாக ஈதர்நெட் கேபிள் இழுக்க ஒரு மின்பணியாளருக்கு அரை நாள் போதும்.