"பிரீடிங் பேர்" என்று சொல்லி விற்றால் நம்பலாமா? ஃபின்ச் குருவி வளர்ப்பவர்களின் கேள்விகள்

கேள்வி: வெள்ளை ஜீப்ரா ஃபின்ச் ஒரு ஜோடி வாங்கினேன். "முட்டை வைத்துப் பழகிய பிரீடிங் பேர்" என்று சொல்லி, சாதாரண ஜோடியைப் போல இரண்டு மடங்கு விலை வாங்கினார்கள். ஒரே வாரத்தில் பானையில் ஒன்பது முட்டை. மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூடப் பொரியவில்லை. கடையில் கேட்டால், "உயிருள்ள ஜீவனுக்கு கேரண்டி கிடையாது, விற்றதைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார்கள். (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ஒரே வாரத்தில் ஒன்பது முட்டை என்றால், இரண்டுமே பெண் பறவைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஜீப்ரா ஃபின்ச் நாளுக்கு ஒன்று வீதம், ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 முட்டைதான் இடும். ஆண் துணை இல்லாவிட்டாலும் பெண் பறவை முட்டை இடும். இரண்டு பெண்கள் ஒரே பானையில் மாறி மாறி அடைகாப்பதும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல ஜோடி மாதிரியே தெரியும்.

சாம்பல் நிற ஜீப்ராவில் ஆண் பெண் குழப்பம் வராது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையிலும் மார்பிலும் கருப்புக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு நிறம் இருக்கும். பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. வெள்ளை ரகத்தில்தான் இந்த அடையாளங்கள் மறைந்துவிடும். அங்கே அலகுதான் துப்பு: ஆணுக்கு அடர் சிவப்பு, பெண்ணுக்கு வெளிறிய ஆரஞ்சு. அலகைவிட நம்பகமானது பாட்டு. ஜீப்ரா ஃபின்ச்சில் பாடுவது ஆண் மட்டும்தான். பெங்காலீஸ் என்ற இன்னொரு ஃபின்ச் வகையில் நிறத்தை வைத்து ஆண் பெண் சொல்லவே முடியாது, பாட்டு ஒன்றே வழி. அதனால் கடையில் அரை மணி நேரமாவது உட்காருங்கள். ஆண் என்று காட்டிய பறவை பாடுவதைப் பார்த்து, போனில் வீடியோ எடுத்துக்கொண்ட பிறகு காசு கொடுங்கள். உட்கார விடாத கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரரிடம் திரும்பப் போகும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இருட்டில் போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பாருங்கள். அடைகாக்கத் தொடங்கி ஐந்தாறு நாளில் கருவுற்ற முட்டையில் சிவப்பு நரம்புகள் தெரியும். எல்லாம் வெறும் மஞ்சளாகத் தெரிந்தால் கரு இல்லை. பறவைகளைத் தனித்தனிக் கூண்டில், ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கும்படி சில நாள் வைத்துப் பாருங்கள். இரண்டும் பாடவில்லை என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும். ஒன்று பாடினால் கோளாறு வேறிடத்தில் இருக்கலாம். உட்காரும் குச்சி ஆடினாலே இணைசேர்வது தவறிப்போகும். அதற்குக் கடையைக் குறை சொல்ல முடியாது.

இரண்டும் பெண்தான் என்று தெரிந்தால், "கேரண்டி கிடையாது" என்ற பேச்சு செல்லாது. ஜோடி என்று சொல்லி ஜோடி அல்லாததை விற்றிருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுத்தால் போதும். சில நூறு ரூபாய்ப் பறவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று தோன்றும். என் யோசனை: முதலில் ஒன்றை மாற்றி ஆண் பறவை தரச் சொல்லிக் கேளுங்கள், 1915-இல் பதிவு செய்யப் போவதாகவும் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அடுத்த முறை பில்லில் "ஜீப்ரா ஃபின்ச், ஆண் 1, பெண் 1" என்று எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பேச்சே வேறு.

கேள்வி: ஜோடியோடு சேர்த்து ஒரு அடி அகலக் கூண்டு, பானை, தீனி எல்லாம் "செட்" ஆகத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: வேண்டாம். செட்டில் வரும் கூண்டு பெரும்பாலும் உயரமாக, குறுகலாக இருக்கும். ஃபின்ச் மேலும் கீழுமாக ஏறி விளையாடும் பறவை அல்ல, பக்கவாட்டில் பறப்பது. ஒரு ஜோடிக்கு நீளம் இரண்டரை அடியாவது வேண்டும். கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. புதிய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலைக் கூண்டு என்றால் வினிகர் தடவி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்துவிட்டுப் பறவையை விடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் துத்தநாகத் துகளை அவை கொத்தித் தின்றால் விஷமாகிவிடும். பணத்தைக் கூண்டில் போடுங்கள், பறவையைக் கடைசியாக வாங்குங்கள். கூண்டு வீட்டில் தயாரான பிறகு கடைக்குப் போனால், அவசரத்தில் கிடைத்ததை வாங்கி வர மாட்டீர்கள்.

பானை நல்லதுதான், மூங்கில் கூடும் நல்லது. உள்ளே வைக்கத் தேங்காய் நார், காய்ந்த புல் போதும். பாக்கெட்டில் விற்கும் பஞ்சும் நீள நூலும் காலில் சுற்றிக்கொள்ளும், வாங்காதீர்கள். முட்டை இட ஆரம்பித்ததும் மிச்ச நாரைக் கூண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முட்டைக்கு மேலேயே கூடு கட்டி மூடிவிடும், ஜீப்ராவுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கேள்வி: அண்ணா, எங்கள் ஜீப்ரா முதல் தடவை நான்கு குஞ்சு பொரித்தது. தினம் ஒன்றாகக் கூட்டிலிருந்து வெளியே கிடக்கிறது. கடையில் ஹேண்ட் ஃபீடிங் பவுடரும் சிரிஞ்சும் வாங்கச் சொல்கிறார்கள். அதன் விலை ஜோடியின் விலையைவிட அதிகம். (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: தம்பி, அதை இப்போது வாங்காதே. பொரித்த குஞ்சு ஏறக்குறைய ஒரு கிராம் எடைதான். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். ஊட்டுவது கொஞ்சம் தவறினாலும் மூச்சுக்குழாயில் போய்விடும். கிளிக்குஞ்சுக்குப் பழகியவர்களுக்கே ஃபின்ச் குஞ்சு கைக்கு அடங்காது. பாலும் பிஸ்கட்டும் கரைத்து ஊட்டச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதே. பறவைக்குப் பால் செரிக்காது.

வெளியே கிடக்கும் குஞ்சு அசைந்தால், முதலில் உள்ளங்கைக்குள் மூடி வைத்துச் சூடேற்று. குளிர்ந்த குஞ்சுக்கு ஊட்டினால் செரிக்காது. உடம்பு சூடாகி வாயைத் திறந்ததும் கூட்டுக்குள் வைத்துவிடு. மனித வாசம் பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மை அல்ல. இரவுக்குள் கழுத்துப் பக்கம் பார். தோல் வழியாக உள்ளே இருக்கும் தானியம் தெரியும். தெரிந்தால் ஊட்டியிருக்கிறது, நீ நிம்மதியாக இருக்கலாம்.

தள்ளிவிடுவதற்குக் காரணம் தேட வேண்டும். முதல் தடவைப் பெற்றோர், அடிக்கடி கூட்டுக்குள் கைவிட்டுப் பார்ப்பது, எறும்பு ஏறுவது, சத்தான தீனி போதாதது என்று பல உண்டு. எறும்பு என்றால் கூண்டின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வை. தீனியைப் பொறுத்தவரை உனக்குத் தேவையான "பவுடர்" வீட்டிலேயே இருக்கிறது. ஒரு முட்டையை நன்றாக வேகவைத்து, ஓட்டோடு நசுக்கி, காலையில் ஒரு ஸ்பூன் வை. இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடு. நம்ம ஊர் வெயிலில் அதற்கு மேல் தாங்காது. முளைகட்டிய தினையும் கொடு. பெற்றோர் இதைத் தின்றுதான் குஞ்சுக்கு ஊட்டும்.

எல்லாம் செய்தும் இந்த ஜோடி ஊட்டவில்லை என்றால், அதே நாளில் பொரித்த குஞ்சோடு இருக்கும் பெங்காலீஸ் ஜோடி தெரிந்தவரிடம் இருக்கிறதா என்று கேள். பிறர் குஞ்சையும் வளர்ப்பதில் அவற்றுக்கு ஈடில்லை. வெகுகாலமாக வளர்ப்பவர்கள் அந்த ஒரு காரணத்துக்காகவே ஒரு ஜோடி வைத்திருப்பார்கள்.

குஞ்சு 18 முதல் 21 நாளில் கூட்டை விட்டு வெளியே வரும். வந்துவிட்டது என்று உடனே பிரிக்காதே. அதற்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு அப்பன்தான் முக்கியமாக ஊட்டும். தானாகத் தானியம் உரித்துத் தின்பதைப் பார்த்த பிறகு, ஆறு வாரம் ஆனதும் பிரிக்கலாம். கடையில் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அலகு கருப்பாக இருந்தால் அது இன்னும் குஞ்சு. மிகச் சின்னதை மலிவாகக் கொடுத்தால் அடுத்த சில நாளில் இழப்பு உங்களுக்குத்தான். அலகு முழுக்க நிறம் மாறிய பிறகோ, ஆறு மாதமா ஆறு வயதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. காலில் வருடம் பொறித்த மூடிய வளையம் இருந்தால் நம்பலாம், அதைக் குஞ்சுக்கு மட்டும்தான் போட முடியும். திறந்து மாட்டும் பிளாஸ்டிக் வளையம் வயதுக்குச் சாட்சி அல்ல.

கேள்வி: "பிரீடிங் மிக்ஸ்" பாக்கெட் வாங்குவதா, மளிகைக் கடைத் தினை வாங்குவதா? (வாசகி, மதுரை)

பதில்: மளிகைக் கடையில் கிடைப்பது உமி நீக்கிய தினை அரிசி. அது சீக்கிரம் வண்டு பிடித்துக் காறிப்போகும். உமியோடு இருக்கும் தினை, சாமை, பனிவரகு தனித்தனியாக வாங்கிக் கலந்துகொண்டால் பாக்கெட்டைவிட மலிவு. எந்தத் தானியமானாலும் ஒரு ஸ்பூன் எடுத்து ஊறவைத்து முளைகட்டிப் பாருங்கள். பெரும்பகுதி முளைத்தால் நல்ல சரக்கு. முளைக்காவிட்டால் பழசு, அந்தக் கடையில் அடுத்த முறை வாங்காதீர்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு "கால்சியம் பிளாக்" தேவையில்லை. நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேளுங்கள், கணவாய் ஓட்டைக் கொடுப்பார்கள். அதைக் கம்பியில் செருகி வையுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் முட்டை வெளியே வராமல் சிக்கி, பெண் பறவை ஒரே நாளில் இறந்துபோகும். தீனிக் கிண்ணத்தில் மேலே கிடப்பது வெறும் உமியாக இருக்கும், நிறைய இருப்பது போலத் தெரியும். தினமும் ஊதிவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போயிருந்தபோது, வெளியே ஒருவர் சிவப்பும் பச்சையுமாகக் குட்டிக் குருவிகளை மிக மலிவாகத் தருவதாகச் சொன்னார். ஃபின்ச் வகைதானே? (வாசகர், குரோம்பேட்டை)

பதில்: அவை பெரும்பாலும் வயலில் வலை போட்டுப் பிடித்த நம் ஊர்ச் சில்லைகள். சாயம் பூசியும் விற்பார்கள். புள்ளிச் சில்லை, சிவப்புச் சில்லை, கருந்தலைச் சில்லை எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம், சிறை வரை போகும். வாங்கியவரும் மாட்டுவார். பரிதாபப்பட்டு வாங்கி விடுவித்தாலும் விற்பவருக்கு அடுத்த வலைக்குக் காசு கொடுத்ததாகத்தான் ஆகும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான், ஆனால் சைட்டிஸ் (அரிய உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜீப்ரா ஃபின்ச் அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் கோல்டியன் ஃபின்ச் பாதி விலைக்கு வருகிறது. முன்பணம் அனுப்பினால் பஸ் பார்சலில் வரும் என்கிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழையுங்கள்.

கேள்வி: பத்து ஜோடி வாங்கினால், குஞ்சுகளை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். வீட்டிலிருந்தே வருமானம் என்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

பதில்: 2012-இல் உங்கள் மாவட்டத்தில், பெருந்துறைப் பக்கம், ஈமு கோழி வளர்ப்புத் திட்ட மோசடியில் எத்தனை குடும்பங்கள் பணத்தை இழந்தன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திரும்ப வாங்கும் விலை சந்தை விலையைவிட அதிகமாக எழுதியிருந்தால், அந்தப் பணம் அடுத்து சேரப்போகும் ஆளிடமிருந்துதான் வர வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள்.

வருமானக் கணக்குக்காகப் பறவையை ஓயாமல் முட்டை இட வைப்பதும் எனக்கு ஒப்பவில்லை. பானை இருக்கும்வரை ஜீப்ரா நிறுத்தாது. வருடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று தடவை போதும். அதற்குப் பிறகு பானையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் நிறையாத பெண் பறவைக்குப் பானையே மாட்டாதீர்கள். ஒரு ஜோடியோடு தொடங்கி, குஞ்சுகளை யார் வாங்கிக்கொள்வார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர்கூடத் தேறாவிட்டால், அடைகாக்கத் தொடங்கும் முன்பே முட்டையை எடுத்துவிட்டு, அதே அளவு பிளாஸ்டிக் முட்டையை வைத்துவிடலாம்.