பெனின் சிட்டியில் பையனைச் சேர்க்கிறதுக்கு முன்னாடி

தம்பி, நைஜீரியாவுல பெனின் சிட்டிக்கு மாற்றலாகி வர்றீங்க. பிளஸ் டூ முடிச்ச பையனை அங்கேயே பல்கலைக்கழகத்துல சேர்க்கலாமா, வாடகை எவ்வளவு, இட்லி அரிசி கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க. வாடகையும் அரிசியும் வந்த வாரத்துலயே தெரிஞ்சிரும். பையன் விஷயத்தை மட்டும் சொல்றேன்.

இங்க எல்லாரும் பயப்படுறது 'கல்ட்' பசங்களுக்குத்தான். மாணவர்களோட ரகசியக் கும்பல். 1952ல இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரியில எழுத்தாளர் வோலே சோயிங்காவும் இன்னும் ஆறு பேரும் பைரேட்ஸ்னு தொடங்கினது மேட்டுக்குடி மிடுக்கைக் கிண்டல் பண்ற கூட்டம், அடிதடி கிடையாது. பின்னாடி பக்கனியர்ஸ், ஐயே, வைக்கிங்ஸ்னு பெருகி, எண்பதுகள்ல கோடாரியும் துப்பாக்கியும் கைக்கு வந்துச்சு. 1999 ஜூலை 10 விடியறதுக்கு முன்னாடி இஃபேயில ஒபாஃபெமி அவொலொவொ பல்கலைக்கழக விடுதிக்குள்ள பிளாக் ஆக்ஸ்ங்கிற இன்னொரு கும்பலோட ஆளுங்க புகுந்து, மாணவர் சங்கச் செயலாளரோட சேர்த்து 5 பேரைக் கொன்னாங்க. அந்த பிளாக் ஆக்ஸ் பிறந்ததே நீங்க போற பெனின்லதான், 1977ல.

ஆள் பிடிக்கிறது பெரும்பாலும் முதல் வருஷத்துலதான். புதுசா வர்ற 'ஜாம்பைட்'கிட்ட ஒரு சீனியர் பாசமா வருவான். ரூம் பிடிச்சுத் தர்றேன், எவனும் உன்மேல கை வைக்க மாட்டான்னு சொல்வான். அடுத்தது ராத்திரி பார்ட்டி. அங்கிருந்து ஒதுக்குப்புறமா கூட்டிட்டுப் போய் அடிச்சுச் சத்தியம் வாங்குவாங்க. அதுக்குப் பேரு 'பிளெண்டிங்'. அதுக்கப்புறம் விலகப் பார்த்தா உயிருக்கே ஆபத்து. அதனால அந்த ஓசி பார்ட்டிக்குப் போகாம இருக்கறதுதான் முக்கியம்.

விடுதியில இடம் கிடைக்காதவங்க பெனின் பல்கலைக்கழகத்தோட உக்போவோ வளாகத்துக்குப் பின்னாடி எக்கோசோடின்ங்கிற பகுதியில அறை எடுப்பாங்க. வளாகக் காவல் கேட்டோட நின்னுரும், மோதல் நடக்கறது அந்தச் சந்துகள்ல. எப்படியாவது உள்ளேயே கட்டில் வாங்குங்க. ரூம் மேட் யாருன்னு விசாரிங்க, அவன் பெட்டியில துப்பாக்கி இருந்தா போலீஸ் அறையோட அள்ளிட்டுப் போகும். பெனின் வேற மாநிலம், ஆனா லாகோஸ் மாநிலத்துல 2021 சட்டப்படி கும்பல் உறுப்பினருக்கு 21 வருஷம் ஜெயில், கூட்டம் போட இடம் கொடுத்தவனுக்கு 15 வருஷம். ஒரு கொலை விழுந்தா பதிலுக்குப் பதில் நாள் கணக்கா நடக்கும். அந்த நாள்கள்ல பையன் வீட்டுலயே இருக்கட்டும். ஜூலை 7 பிளாக் ஆக்ஸ் நாள், அன்னைக்கும்தான்.

வெளிநாட்டுப் பையனைத் தொட மாட்டாங்கன்னு லாகோஸ்ல இக்கோயிங்கிற பணக்காரப் பகுதி அபார்ட்மெண்ட்ல உட்கார்ந்துக்கிட்டு நம்மாளுங்க அடிச்சு விடுவாங்க. டிரைவரைத் தவிர ஒரு நைஜீரியன்கிட்டயும் பேசாதவங்க அவங்க. பையன் பிட்ஜின், அதாவது இங்க ஜனங்க பேசுற கலப்பு இங்கிலீஷ், கத்துக்கட்டும், ஊர்ல என்ன நடக்கப்போகுதுன்னு முதல்ல அதுலதான் பேசிக்குவாங்க. காசு இருந்தா லாகோஸ் பக்கத்துல ஓட்டாங்கிற ஊர்ல இருக்கிற கவனன்ட் மாதிரி தனியார் பல்கலைக்கழகத்துல போடுங்க. அனுமதிச் சீட்டு இல்லாம கேட்டைத் தாண்ட முடியாது. பசங்க அதை ஜெயில்னு புலம்புவாங்க, புலம்பட்டும்.