வெயில் காலத்தில் மாடித் தோட்டத்துக்கும் வாசலுக்கும் போகும் தண்ணீரை எப்படிக் குறைப்பது?

முதலில் மண்ணை மூடுங்கள். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் கணிசமான பங்கு வெறும் மண்ணிலிருந்து ஆவியாகிப் போய்விடுகிறது. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை என்று கையில் கிடைப்பதை இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் அழுகும். அப்புறம், தினமும் ஊற்றியே ஆகவேண்டும் என்பதில்லை. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு விட்டுவிடலாம். ஊற்றுவதாக இருந்தால் விடியற்காலையில், இலைமேல் தெளிக்காமல் வேர்ப்பகுதியில்.

குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீரில் உப்பு அதிகம். அதைத் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், மண் கெட்டுவிடும். வாசல் கழுவவும் வண்டி துடைக்கவும் அது தாராளமாகப் போதும். வண்டிக்குக் குழாய் வேண்டாம், ஒரு வாளியும் துணியும் இருந்தால் சரி.

மழையையும் மறக்காதீர்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை என்பது கிட்டத்தட்ட 1,000 லிட்டர்! தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட தொட்டிகள் பல வீடுகளில் மண் அடைத்துக் கிடக்கின்றன. புரட்டாசிக்குள், அவற்றில் தண்ணீரை வடிகட்டப் போட்டிருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவிப் போட்டுவிடுங்கள்.