ரோமுக்கு ஒரு சூலூர்பேட்டை லோக்கல்

கேள்வி: மகனும் மருமகளும் செப்டம்பரில் எங்கள் இரண்டு பேரையும் மத்தியதரைக் கடலில் கப்பல் பயணம் அழைத்துப் போகிறார்கள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ரோம், மாலை ஆறரைக்குள் எல்லோரும் கப்பலில் ஏறியிருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. கப்பல்காரர்கள் நடத்தும் டூருக்கு நாலு பேருக்குக் கணக்குப் போட்டுப் பார்த்ததும் என் வீட்டுக்காரர், பேசாமல் கப்பலிலேயே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், இங்கே காசிமேட்டில் பார்க்காத கடலா என்கிறார். நாங்களாகவே போய் ராயப்பர் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வர முடியாதா? எனக்கு முட்டி வலி உண்டு. (வாசகி, ராயபுரம்)

பதில்: முடியும் அம்மா, தாராளமாக முடியும். ஆனால் ஒன்று. கப்பல்காரர்கள் ரோம் என்று அச்சடித்திருந்தாலும் நீங்கள் இறங்கப்போவது ரோமில் இல்லை, சிவிதாவெக்கியா என்ற ஊரில். டிராஜன் என்ற ரோமப் பேரரசன் சுமார் 1900 வருடங்களுக்கு முன்னால் கட்டிய துறைமுகம் அது. அங்கிருந்து ரோம் ரயிலில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர், அதாவது சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை. லோக்கலில் சூலூர்பேட்டை போய்விட்டு வர நாம் யாரிடமாவது டூர் புக் பண்ணுவோமா?

துறைமுகம் பெரியது, உள்ளே இஷ்டத்துக்கு நடந்து திரிய விடமாட்டார்கள். கப்பல் பக்கத்திலிருந்து இலவச பஸ் ஒன்று லார்கோ தெல்லா பாச்சே என்ற இடத்தில் கொண்டுபோய் விடும், அங்கிருந்து ரயில் நிலையம் கடலோரமாக நடந்தால் 20, 25 நிமிடம். டவுன் பஸ்ஸும் உண்டு, சின்னக் காசுதான். நீங்கள் பஸ்ஸில் போங்கள், முட்டியை ரோமுக்காக மிச்சம் வையுங்கள், அங்கே பழைய தெருக்கள் எல்லாம் கருங்கல் பாவியவை, செருப்பு சரியில்லை என்றால் மத்தியானத்துக்குள் காலை வாரிவிடும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள். புடவைக்கு ஷூவா என்று மருமகள் சிரித்தால் சிரிக்கட்டும்.

டிக்கெட் விஷயம். சாதாரண ரயிலில் ஒரு வழிக்கு 4.60 யூரோ. 'பிர்க்' என்று ஒரு நாள் டிக்கெட் இருக்கிறது, 12 யூரோ, அதிலேயே போக வர ரயில், ரோமுக்குள் மெட்ரோ, பஸ் எல்லாம் அடக்கம். இதெல்லாம் நான் போனபோது இருந்த விலை. மெட்ரோவுக்குத் தனி டிக்கெட் 1.50 யூரோ, ஆக இரண்டு தடவை மெட்ரோ ஏறினாலே பிர்க்தான் லாபம். வாங்கினால் மட்டும் போதாது. பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் சுவரில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும், அதன் வாயில் காகித டிக்கெட்டைச் செருகினால் கிர்ரென்று ஒரு சத்தம், தேதியும் நேரமும் ஓரத்தில் பதிந்து வரும். பதியாத டிக்கெட் கையில் இருந்தாலும் டிக்கெட் இல்லாத கணக்குதான், பரிசோதகர் அபராதம் போடுவார், நாம் ஊருக்குப் புதுசு என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

கப்பலிலிருந்து வருகிற கூட்டத்தில் முக்கால்வாசி டெர்மினி என்ற பெரிய ஸ்டேஷன் வரைக்கும் போகும். நீங்கள் போகாதீர்கள். அதற்கு வெகு முன்னாலேயே, ஏறி முக்கால் மணி, ஒரு மணி நேரத்தில், ரோமா சான் பியெத்ரோ என்று ஒரு ஸ்டேஷன் வரும். பியெத்ரோ என்றால் பீட்டர். பீட்டர் என்றால் நம் ராயப்பர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய ராயபுரத்திலிருந்து போகிறவர் ராயப்பர் பெயரிலேயே இருக்கும் ஸ்டேஷனில் இறங்குவதுதானே முறை! பிளாட்பாரத்தில் நின்றாலே பேராலயத்தின் குவிமாடம் தெரியும், மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் சதுக்கம். உள்ளே போகக் கட்டணம் கிடையாது, பாதுகாப்புச் சோதனைக்கு வரிசை மட்டும் உண்டு, அது வெயிலில் நீளும், அதனால் காலையில் முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். உங்களுக்குப் பிரச்சினை இல்லை, அரை டிராயர் போடும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த நாள் புதன்கிழமையா என்றும் பாருங்கள், போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் காலை அது, அவரைப் பார்க்கலாம், ஆனால் மத்தியானம் வரை பேராலயத்துக்குள் போக முடியாது.

வத்திக்கான் அருங்காட்சியகம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம் என்பேன். அரை நாளை விழுங்கிவிடும், முட்டியையும் சேர்த்து விழுங்கும். அதற்குப் பதில் ஒத்தாவியானோ என்ற மெட்ரோ நிலையத்துக்கு நடந்து, டெர்மினியில் வண்டி மாறி, கொலோசியம் என்ற பழைய ரோம அரங்கத்தின் வாசலிலேயே இறங்கலாம். உள்ளே போவதானால் பெயர் போட்ட, நேரம் குறித்த டிக்கெட்டை இங்கிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் வெளியே ஒரு சுற்று சுற்றினாலே போதும், அது வெளியிலிருந்தும் கம்பீரம்தான்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும், மூக்கு மாதிரி வளைந்த குழாயிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் ஓடும். அந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் எகிறும், குனியாமல் குடிக்கலாம். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு சட்டை நனைந்தது.

அப்புறம் திரும்பும் வழி, இதுதான் முக்கியம். கொலோசியத்திலிருந்து அதே மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் பிரமிதே. அதை ஒட்டியே ஒஸ்தியென்சே ரயில் நிலையம், சிவிதாவெக்கியா போகும் வண்டி அங்கே நிற்கும். டெர்மினியில் போய் ஏறலாமே என்று நினைக்காதீர்கள், நான் அப்படி நினைத்துத்தான் மாட்டினேன். இந்த வண்டிக்கான பிளாட்பாரம் அங்கே கோடியில் இருக்கிறது, பத்து நிமிட நடை. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் வந்துவிட்டோம் என்று காபி குடித்துக்கொண்டிருந்த நான், கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கதவு மூடுவதைப் பார்த்துவிட்டு நின்றேன்.

ஆறரைக்குக் கப்பல் என்றால் ஐந்தரைக்கு லார்கோ தெல்லா பாச்சேயில் நிற்க வேண்டும், ஐந்து மணிக்கு சிவிதாவெக்கியா ஸ்டேஷனில், அப்படியானால் மூன்றே முக்காலுக்காவது ஒஸ்தியென்சேயில் ஏறியிருக்க வேண்டும். அந்த வண்டியை மறந்துவிட்டு அதற்கு முந்தைய வண்டியைப் பிடியுங்கள். வீட்டுக்காரரின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும், செப்டம்பரில் அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இவ்வளவும் சரி, ரயில் ஓடவில்லை, கப்பல் போய்விட்டது என்றால் என்ன கதி? (வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: கப்பல் டூருக்காகக் கொடுக்கும் அந்த அதிகப்படியான பணத்தில் பாதி இந்தப் பயத்துக்குத்தான். கப்பல்காரர்களின் சொந்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான். கப்பலில் தினமும் கொடுக்கும் தாளில் துறைமுக ஏஜென்ட் போன் நம்பர் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட் நகலையும் விசா நகலையும் பையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கப்பல் அட்டை இல்லாமல் திரும்ப ஏற முடியாது, அதைக் கழுத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வண்டிகள் கட்டாயம் ஓடும். காலையில் போய்விடலாம், மாலை வண்டி உங்கள் கப்பலுக்கு உதவாது என்பதைக் கவனியுங்கள். அன்றைக்கு வேலைநிறுத்தம் என்று தெரிந்தால் நாலு பேராகச் சேர்ந்து ஒரு வேன் பேசிவிடுங்கள், அல்லது கப்பல் டூரையே எடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கேள்வி: எங்கள் கப்பல் ஏதென்ஸ் போகிறது. அங்கேயும் இதே கதையா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: உங்களுக்கு யோகம். பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏதென்ஸ் பத்து கிலோமீட்டர்தான், பச்சை நிற மெட்ரோவில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் மொனஸ்திராக்கி, அங்கே இறங்கினால் தலைக்கு மேல் அக்ரோபோலிஸ், பழைய கோயில்கள் நிற்கும் குன்று. 1869-ல் நீராவி ரயிலாக ஆரம்பித்த பாதை அது, ராயபுரம் ஸ்டேஷனைவிட 13 வயது இளையது. கப்பல் நிற்கும் இடத்திலிருந்து மெட்ரோவுக்குத்தான் கொஞ்சம் தூரம், பஸ் அல்லது டாக்ஸி எடுங்கள். அக்ரோபோலிஸுக்கு நேரம் குறித்த டிக்கெட், முன்பே வாங்குங்கள்.

கேள்வி: அவ்வளவு தூரம் நமக்குக் கட்டுப்படியாகாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனால் யாழ்ப்பாணம் எப்படிப் போவது? (வாசகர், காசிமேடு)

பதில்: 18 கிலோமீட்டர்தான் சார். காங்கேசன்துறையில் ரயில் நிலையமே இருக்கிறது, போரில் அழிந்த பாதையை மறுபடி போட்டு 2015 ஜனவரியில் வண்டி விட்டார்கள். ஆனால் வண்டிகள் குறைவு, உங்கள் கப்பல் வரும் நேரத்துக்கு ஒத்துவராவிட்டால் பஸ்ஸோ ஓட்டோவோதான். ஓட்டோ என்றால் நம் ஆட்டோதான். அதில் போனால் முதலில் கீரிமலைக் கேணிக்கு விடச் சொல்லுங்கள், கடல் ஓரத்திலேயே நன்னீர் ஊற்று, குளிக்கலாம், மாற்று வேட்டி எடுத்துப் போங்கள். யாழ்ப்பாணத்தில் போர்த்துக்கீசியர் கட்டி டச்சுக்காரர் ஐந்து முனையாக மாற்றிய கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டுத் திரும்ப எழுந்து நிற்கும் நூலகம், நல்லூர் கந்தசுவாமி கோயில். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், ஆகவே பணமும் பாஸ்போர்ட்டும் சட்டைப் பையில் வேண்டாம்.